புல்தரையில் விழுந்த கற்பூரம்

நம் வயதுக்காரர் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் முதலில் முழங்கால், பிறகு கொலஸ்ட்ரோல், அதற்குப் பிறகு பிள்ளைகள் தமிழ் கதைக்காத குறை. இந்த மூன்றையும் தாண்டித்தான் பழைய கதைக்கு வர வேண்டியிருக்கிறது. அதற்குள் யாருக்காவது கார் பார்க்கிங் நேரம் முடிந்துவிடும். ஆகவே நான் நேராகவே வந்துவிடுகிறேன். எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு கோடையில், லண்டனில், எங்கள் அப்பா ஒரு புல்தரையை எரித்த கதை இது.

எரித்தார் என்றால் முழுவதையும் அல்ல, ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான். ஆனால் அது எப்படிப்பட்ட புல் என்று தெரிந்தால்தான் அந்தத் தட்டளவின் கனம் உங்களுக்குப் புரியும்.

நாங்கள் அப்போது தென் லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். உங்களுக்கும் அப்படி ஒரு வீடு நினைவிருக்கும். காசுக் குற்றி போட்டால்தான் அடுப்பு எரியும் காஸ் மீற்றர், உடுப்பெல்லாம் ஏறிவிடும் பரஃபின் ஹீற்றர் மணம், வாசலில் வெள்ளி மூடி போட்ட பால் போத்தல், சொந்தக்காரருக்குப் பேசி அனுப்பும் கசெற். இவையெல்லாம் எந்த நாளில், எந்தக் குப்பைப் பையில் போயின என்று யாருக்கும் தெரியாது. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழே அந்தப் புல்தரை. சதுரமாக, சலவைக்குப் போய் வந்த மேசை விரிப்பு மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடக்கும். வெள்ளைத் தொப்பியும் வெள்ளைக் காற்சட்டையும் போட்ட வயதானவர்கள் அதில் குனிந்து குனிந்து கறுப்பு உருண்டைகளை உருட்டுவார்கள். தூரத்தில் ஜாக் என்று ஒரு சின்ன வெள்ளைப் பந்து இருக்கும். யாருடைய உருண்டை ஜாக்குக்குக் கிட்டப் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. அந்த உருண்டைகள் நேரே போகாது, ஒரு பக்கமாக வளைந்து போகிற மாதிரித்தான் செய்திருப்பார்கள். இது தெரியாமல் முதல் ஒரு வாரம் நான் அந்தக் கிழவர்கள் எவருக்குமே கண் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அந்த கிளப்பில் சேர்ந்ததே ஒரு கூத்து. கிளப்பில் ஆள் குறைந்துகொண்டே போனதால் அதன் செயலாளர் தெருவில் வீடு வீடாக வந்து கதவைத் தட்டினார். கழுத்தில் டை, கையில் கடதாசி செருகிய பலகை. எங்கள் விசா முடிவு அப்போது வந்திருக்கவில்லை. டை கட்டிக்கொண்டு பலகையோடு வருகிற வெள்ளைக்காரர் எல்லாரும் அப்பாவுக்கு ஒரே இலாகா. அவர்கள் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது அவருடைய கொள்கை. செயலாளர் கேட்கக் கேட்க அப்பா "யெஸ், யெஸ்" என்று தலையை ஆட்டினார். வெளியில் நின்று வேலை செய்யப் பிடிக்குமா? யெஸ். ஊரில் நிலம் இருந்ததா? யெஸ். விவசாயம் தெரியுமா? யெஸ், யெஸ். கடைசியில் காட்டின இடத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டார். படியில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் விளங்கியது. கதவு சாத்தியதும் அம்மா கேட்டார்.

"என்னத்துக்கப்பா சைன் வச்சனீங்கள்?"

"கவுன்சில் ஆக்கள். வீட்டு விஷயமாத்தான் இருக்கும்."

"கவுன்சில் இல்லை அப்பா, பின்னாலை பந்து உருட்டுற கிளப். நீங்கள் இப்ப மெம்பர்" என்று நான் சொன்னேன்.

அப்பா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். "மெம்பர் எண்டால் நல்லதுதானே. இந்த நாட்டிலை ஒரு காகிதத்திலையாவது பேர் இருக்கட்டும்" என்றார்.

அந்த கிளப்பில் சம்பளத்துக்கு ஒருவரும் கிடையாது. மரவீட்டின் உள்சுவரில் ரோட்டா என்று ஒரு தாள் குத்தியிருப்பார்கள். வேலி வெட்டுவது யார், கழிவறை கழுவுவது யார், ஆட்ட எண் எழுதின தகரத் தகடுகளை மாட்டுவது யார், எல்லாம் அதில் இருக்கும். அப்பாவுக்கு முதலில் கிடைத்தது பனி துடைக்கிற வேலை. காலையில் புல்லில் நிற்கும் பனியை ஒரு நீளமான, வளைகிற பிரம்பால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசித் தட்டிவிட வேண்டும். விடாமல் சர்ரென்று ஒரு சத்தம் வரும். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். பிரம்பு போன இடம் கரும்பச்சையாகவும் போகாத இடம் வெள்ளையாகவும் தெரியும். அப்பா தன் வாழ்க்கையில் அவ்வளவு அழகாகச் செய்த வேறொரு வேலையை நான் பார்த்ததில்லை.

அம்மாவை அவர்கள் தேநீர்க் குழுவில் போட்டார்கள். பெண்கள் புல்லில் இறங்குவது புதன்கிழமை பின்னேரம் மட்டும், மற்ற நாளெல்லாம் அவர்களுக்குச் சமையலறை என்பது அந்தக் காலத்து ஒழுங்கு. செயலாளரின் மனைவிதான் அங்கே தலைவி. வெள்ளரிக்காய் சான்ட்விச் செய்து, பாணின் நாலு கரையையும் வெட்டிக் குப்பையில் போடச் சொன்னார். பாணைக் குப்பையில் போட அம்மாவுக்குக் கை வரவில்லை. கரைகளையெல்லாம் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் கருவேப்பிலையும் போட்டு வதக்கி எங்களுக்குத் தந்தார். அந்த ருசிக்காகவே நான் சனிக்கிழமைகளைக் காத்திருந்தேன். ஒரு நாள் மிச்சத்தைக் கிளப்புக்குக் கொண்டுபோக, தலைவி ஒரு துண்டைச் சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வர இருமி, இரண்டாவது துண்டை எடுத்தார்.

இப்போது கிரீன்கீப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல்லைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவருடையது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், சிரிக்க மாட்டார். குதி உள்ள சப்பாத்தோடு யாராவது புல்லில் கால் வைத்துவிட்டால் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து நான் இரண்டு தடவை அழுதிருக்கிறேன், அந்தக் கால் என்னுடையதாக இல்லாதபோதும். யூலை தொடக்கத்தில் அவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன். ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை பக்கத்து கிளப்போடு வருடாந்தப் போட்டி. இருந்ததே பதினேழு உறுப்பினர்கள். இந்த வருடம் தரை சரியில்லை என்று போட்டி நின்றுபோனால் கிளப்பை மூடிவிடலாம் என்று செயலாளரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை புல்லை யார் பார்ப்பது? செயலாளர் தன் பலகையைப் பார்த்தார். அதில் அப்பாவின் பெயருக்கு நேரே விவசாயி என்று எழுதியிருந்தது. புல் வெட்டுகிற மெசின் கிடக்கும் கொட்டிலின் பூட்டுத் திறப்பைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தார்.

நண்பர்களே, எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் கிளாக்கர். ஒரு கருவேப்பிலைக் கன்று கூட நட்டு அறியாதவர். செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் நட்டு, விடிய எழும்பி இறைப்புக்குப் போய், பாத்தி பாத்தியாகத் தண்ணீர் விட்டு வளர்ந்தவர் அம்மா. அதை ஒருவரும் கேட்கவில்லை. பலகையில் அதற்கு ஒரு கட்டமும் இருக்கவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் பின்னேரங்களில் ஒரு புது வழக்கம் வந்தது.

"இஞ்சாரும், புல்லு மஞ்சளாப் போகுது. தண்ணி கூடிப்போச்சோ, குறைஞ்சு போச்சோ?"

"ஜன்னலாலை பாத்துச் சொல்ல நான் என்ன டொக்டரே? மண்ணிலை கொஞ்சம் அள்ளிக்கொண்டு வாங்கோ."

அப்பா கைலேஞ்சியில் மண் முடிந்துகொண்டு வருவார். அம்மா அதை மூக்கில் வைத்துப் பார்ப்பார், விரலிடையில் வைத்து உருட்டுவார். "வெள்ளெனத் தண்ணி விடுங்கோ. வெய்யில் ஏறினாப் பிறகு விட்டால் வேர் அவிஞ்சு போகும்" என்பார். அப்பா போய் அப்படியே செய்வார். மூன்று வாரத்தில் கிளப் முழுக்க அப்பாவுக்கு நல்ல பெயர். புல்லைப் பற்றி எதைக் கேட்டாலும் இவர் உடனே பதில் சொல்வதில்லை, ஒரு நாள் யோசித்துத்தான் சொல்வார், அவ்வளவு ஆழமான ஆள் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வருடம் மழையே இல்லை. ஹோஸ் பிடிக்கவும் தடை போட்டுவிட்டார்கள். உறுப்பினர்கள் குளித்த தண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஆனாலும் தரை மெல்ல மெல்லப் பாண் கரை நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதுவும் போதாதென்று புல் வெட்டுகிற மெசின் உயிரை விட்டது. செயலாளர் எங்கேயோ அலைந்து பழைய மெசின் ஒன்றைப் பிடித்தார். சிவப்புப் பெயின்ட் அடித்து, பார்ப்பதற்குப் புதுசு மாதிரி இருந்தது. அது வந்திறங்கிய சனிக்கிழமைதான் எங்கள் கடை மாமாவும் வந்து சேர்ந்தார்.

கடை மாமா என்பவர் எங்கள் தெரு மூலையில் கடை வைத்திருந்தவர். அப்பாவுக்குச் சிநேகிதர், எனக்கு மாமா. மெசினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"அண்ணை, ஒரு தேங்காய் உடைக்காமல் இதை ஸ்டார்ட் பண்ணப் போறியளோ? என்ரை வானுக்குச் செய்தனான். இண்டைக்கு வரைக்கும் ஒரு கீறல் விழேல்லை."

அந்த வானின் இடப்பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்ததை நான் சொல்ல வாயெடுத்தேன். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

மாமா கடைக்கு ஓடிப்போய்த் தேங்காய், எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் கொண்டுவந்தார். மெசின் புல்தரையின் விளிம்பில் நின்றது. அதன் நெற்றி என்று மாமாவுக்குத் தோன்றிய இடத்தில் பொட்டு வைத்தார். உருளைக்கு முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்தார். உறுப்பினர்கள் வரிசையாக நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். கப்பலைக் கடலில் விடும்போது போத்தல் உடைப்பதில்லையா, அது மாதிரி என்று செயலாளர் மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னார். மாமா தேங்காயின் மேலே கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி மூன்று தரம் சுற்றினார். பிறகு உடைப்பதற்காகக் கையைத் திருப்பினார். கற்பூரம் வழுக்கி விழுந்தது. பாதையில் விழுந்திருக்கலாம். புல்லில் விழுந்தது.

எல்லாருடைய கண்ணும் தேங்காயில். அது படாரென்று பாதையில் உடைந்து ஒரு துண்டு தலைவியின் காலடிக்கு ஓட, கைதட்டினார்கள். அப்பா மட்டும் கீழே பார்த்தார். காய்ந்த புல், மயிரளவு உயரம், அடியில் பழைய வேர்கள் பஞ்சு மாதிரி. கற்பூரம் உருகிப் பரவி எரிந்தது. அப்பா ஏறி மிதித்தார், மிதித்த இடத்திலேயே நின்றார்.

எல்லாரும் தேநீர் குடிக்கப் போனார்கள். அப்பா போகவில்லை. செயலாளர் கூப்பிட்டார். அப்பா சிரித்துக் கையை ஆட்டினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, வாங்கோவன்."

"ஏலாது பிள்ளை. நான் காலை எடுத்தால் தெரிஞ்சிடும்."

நான் தேத்தண்ணியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். சூரியனைப் பார்த்தபடி, ஏதோ புல்லின் சுகம் விசாரிக்கிறவர் போல, முக்கால் மணி நேரம் நின்று குடித்தார். என்ன ஈடுபாடு என்று உள்ளே பேசிக்கொண்டார்களாம். எல்லாரும் போன பிறகு காலை எடுத்தார். கறுப்பாக, வட்டமாக, ஒரு தட்டு அளவு. விளிம்பிலிருந்து இரண்டு எட்டு உள்ளே, ஆட்டத்தின்போது ஜாக் வந்து நிற்கிற இடத்திலேயே.

வாளியைக் கவிழ்த்து அதை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தோம். அப்பா சாப்பிடவில்லை. அடுத்த நாள் மாமா பரிகாரத்தோடு வந்தார். கேசரிக்குப் போடுகிற பச்சைக் கலர்ப் பொடி. தண்ணீரில் கரைத்துத் தெளித்தார்கள். அந்த இடம் கிளிப்பச்சை ஆனது. சாயம் மாமாவின் கையிலும் ஏறி, ஒரு வாரம் அவர் கடையில் மிச்சக் காசு கொடுக்கும்போதெல்லாம் சனம் ஒரு மாதிரிப் பார்த்தது. நான் வயிறு நோகச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"நிலத்தை எரிச்சவன் எண்டு எழுதிப்போட்டால் என்ன செய்யிறது? எழுதினது எங்கை எங்கை போகுமோ, ஆர் கண்டது?" என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு கைப்பிடி புல்லுக்கு இவ்வளவு பயமா, அப்பா இவ்வளவு பயந்தாங்கொள்ளியா என்று பத்து வயதில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எல்லாக் காகிதமும் ஒரே மேசைக்குப் போய்ச் சேரும் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார். எங்கள் மூன்று பேரையும் திருப்பி அனுப்ப அந்தக் கறுப்பு வட்டம் போதும் என்று நினைத்தார். விசாக் கடிதம் அடுத்த வசந்தத்தில் வந்தது. அதற்கும் புல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. ஆனால் அந்த ஓகஸ்டில் அது அவருக்குத் தெரியாதே.

அம்மா அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "திறப்பைத் தாங்கோ" என்றார்.

மறுநாள் காலை ஐந்து மணி, லண்டன் கோடையில் நல்ல வெளிச்சம். அம்மாவும் நானும் போனோம். என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்றால், யாராவது வந்து ஏதாவது கேட்டால் இங்கிலிஸில் பதில் சொல்ல. அம்மா கேட்டடியில் செருப்பைக் கழற்றினார். குளிர்ந்த புல்லில் கால் வைத்ததும் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு குந்தியிருந்து, பாண் வெட்டுகிற கத்தியால் எரிந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தார். யாரும் உருட்டாத மூலையிலிருந்து அதே அளவில் ஒரு துண்டை வேரோடும் மண்ணோடும் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தார். மூலையில் வந்த பள்ளத்துக்கு வேலியோரப் புல். வைத்த துண்டு மற்றத் தரையோடு சமமா என்று எப்படிப் பார்த்தார் தெரியுமா? வீட்டிலிருந்து கொண்டுவந்த சில்வர் தட்டை அதன்மேல் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. தட்டை எடுத்து, துண்டைக் கிளப்பி, அடியில் இரு விரலால் கிள்ளி ஒரு சிமிட்டா மண்ணைப் போட்டார். மறுபடி தட்டு, மறுபடி தண்ணீர். ஐந்தாம் தரம் நாலு பக்கமும் ஒரே மாதிரித் தளும்பி நின்றது. பிறகு ஒரு பலகையைப் போட்டு அதில் வெறுங்காலோடு ஏறி நின்றார்.

"அம்மா, ஆரும் வந்தால் என்ன சொல்லுறது?"

"உன்ரை அம்மாக்கு விசர் எண்டு சொல்லு. வேறை என்னத்தைச் சொல்லுறது?"

ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகு பதினெட்டு நாள், ஒவ்வொரு காலையும் அந்தத் துண்டுக்குத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் அல்ல, அரிசி கழுவின தண்ணீர். எங்கள் வீட்டில் வருவது போதாது என்று கடை மாமாவின் வீட்டிலும் கீழ்வீட்டிலும் சேர்த்து வைத்து வாங்கினார். அம்மாவுக்கு வேலை ஆஸ்பத்திரியில் துப்புரவு ஷிப்ட். அதற்குப் போக முன்னம் வந்து ஊற்றிவிட்டுப் போவார். கிளப்பில் ஆள் வருகிற நேரங்களில் மட்டும் வாளி அதன்மேல் கவிழ்ந்திருக்கும். அது ஏன் என்று கேட்டவர்களுக்கு அப்பா "ஸ்பெஷல் ட்ரீட்மென்ட்" என்று மட்டும் சொன்னார்.

போட்டி நாள் வந்தது. பக்கத்து கிளப்காரர் இரண்டு வானில் வந்திறங்கினார்கள். கிரீன்கீப்பர் ஊன்றுகோலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீர் அறை ஜன்னலுக்குள் அம்மா சான்ட்விச் அடுக்கிக்கொண்டு நின்றார். அப்பா போய் வாளியை எடுத்தார்.

அந்த நேரம் அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். மூன்று வாரமாக நாங்கள் அந்தத் துண்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். சுற்றியிருந்த தரையோடு சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தரை முழுவதும் காய்ந்து மண்ணிறமாகக் கிடக்க, அதற்குள் ஒரே ஒரு சதுரம் மட்டும் பச்சைப் பசேலென்று, வெற்றிலைக் கொடி மாதிரி மினுங்கியது. தெருவில் போகிறவனுக்கும் தெரியும். அம்மாவின் கைவண்ணமே எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆட்டம் தொடங்கவில்லை. எல்லாரும் அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிரீன்கீப்பர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து வந்தார். ஒப்பரேஷன் செய்த காலை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்து, காய்ந்த புல்லிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து காய்ந்த புல்லுக்கும் தடவினார். இரண்டு தரம். பிறகு கறுப்பு உருண்டை ஒன்றை வாங்கி மெதுவாக உருட்டினார். அது பச்சையைத் தாண்டி, ஒரு துள்ளல் இல்லாமல், தன் பாட்டில் வளைந்து போய் நின்றது.

"இங்கே என்ன நடந்தது?" என்று கேட்டார்.

அப்பா மெசினைக் குறை சொல்லியிருக்கலாம், வெயிலைச் சொல்லியிருக்கலாம். செயலாளர் கையில் அன்றைக்கும் அந்தப் பலகை இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு முன்னுக்கு வந்து, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐ பேர்ன்ட் இட், சேர். கேம்ஃபர். மை மிஸ்ரேக்."

"மீ ஆல்சோ" என்று பின்னாலிருந்து கடை மாமா கையை உயர்த்தினார். தேங்காய் உடைத்த அதே கை.

அப்பா நிறுத்தவில்லை. தொடங்கினது தொடங்கியாயிற்று, எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம் என்று நினைத்திருக்க வேண்டும். "ஐ ஆம் நொட் ஃபார்மர், சேர். ஐ ஆம் போஸ்ட் ஒஃபிஸ்" என்றார். பிறகு திரும்பித் தேநீர் ஜன்னலைக் காட்டினார். "ஃபார்மர் இஸ் மை வைஃப்."

அத்தனை தொப்பியும் அந்தப் பக்கம் திரும்பியது. அம்மா கையில் வெண்ணெய்க் கத்தியோடு நின்றார். அவர் முகம் சிவந்ததை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். அப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்த அதே எனக்கு, அந்த நேரம் அங்கிருந்த எல்லாரிடமும் இவர் என் அப்பா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

கிரீன்கீப்பரை இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து ஜன்னலடிக்குப் போனார். நான் ஓடிப்போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன், மொழிபெயர்க்க. அந்தத் துண்டுக்கு என்ன ஊற்றினீர்கள் என்று அவர் கேட்டார்.

"அரிசி கழுவின தண்ணி எண்டு சொல்லு" என்றார் அம்மா. நான் சொன்னேன். அவர் ஆட்ட அட்டையின் பின்பக்கத்தில் அதை எழுதினார். எழுதி முடித்து, மற்றத் தரையெல்லாம் செத்துக்கொண்டிருக்கிறது, திங்கட்கிழமை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

தலைவி இடையில் புகுந்து, பெண்கள் தரையில் இறங்குவது புதன்கிழமை பின்னேரம் மட்டும்தான் என்று ஞாபகப்படுத்தினார். கிரீன்கீப்பர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தோளில் கை வைத்து நிறுத்திவிட்டு, மற்றக் கையை ஏப்ரனில் துடைத்தார்.

"மண்டே நோ. மண்டே ஷிப்ட். டியூஸ்டே."

கிரீன்கீப்பர் தலையை ஆட்டினார். செவ்வாய் பத்து மணிக்கு வசதியா என்று கேட்டார்.

"நோ, நோ. சிக்ஸ்" என்றார் அம்மா. "ஆஃப்ரர் செவன், சன் கம்ஸ். நோ குட்."

பக்கத்தில் நின்ற செயலாளர் மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. கிரீன்கீப்பரிடம் இதற்கு முன்னம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் ஊன்றுகோலை அக்குளில் செருகிக்கொண்டு, தொப்பியைக் கழற்றினார்.

"ஆறு மணிக்கு நான் கேட்டைத் திறந்து வைத்திருப்பேன்" என்றார்.